சிறைக் கதவு திறந்ததோடு முடியவில்லை

கேள்வி: மண்டேலா விடுதலையானார், தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஒழிந்தது. ஒரு பெருந்தன்மையான தலைவரும் மனம் திருந்திய ஓர் அதிபரும் கைகுலுக்கினால் எந்த அநியாயச் சட்டமும் போய்விடும், இல்லையா?

பதில்: இல்லை. 1990 பிப்ரவரி 11 அன்று சிறையிலிருந்து வெளியே வந்த மண்டேலாவுக்கு ஓட்டுரிமையே கிடையாது. அது கைக்கு வர இன்னும் நான்கு வருடம் இரண்டு மாதம் ஆயிற்று. நீங்கள் தாண்டிப் போய்விட்ட அந்த நான்கு வருடத்தையும், அதற்கு முந்தைய பத்து வருடத்தையும் பார்க்காமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது.

பாஸ் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பினத்தவர் பாஸ் புத்தகம் என்ற அனுமதிப் புத்தகம் இல்லாமல் நகரத்தில் நடமாடினால் கைது. பிடித்துப் பிடித்து உள்ளே போட்டும் பிழைப்புத் தேடி வந்த கூட்டம் நிற்கவில்லை. 1986-ல் அரசு அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. மண்டேலா அப்போது சிறையில்தான் இருந்தார். அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி தென்னாப்பிரிக்காவுக்குக் கொடுத்திருந்த குறுகிய காலக் கடனைப் புதுப்பிக்க மறுக்க, மற்ற வங்கிகளும் பின்வாங்கின. அந்நாட்டு நாணயமான ராண்டின் மதிப்பு சரிந்தது. அரசு கடன் தவணையை நிறுத்திவைத்தது. இன்னொரு பக்கம், இந்தியர்களுக்கென்று நாடாளுமன்றத்தில் தனி அவை கொடுத்து அவர்களைக் கறுப்பினத்தவரிடமிருந்து பிரித்தெடுக்கப் பார்த்தார்கள். 1984 தேர்தலில் பெரும்பாலான இந்தியர்கள் ஓட்டுச்சாவடிப் பக்கமே போகவில்லை. நேட்டால் மாகாணத் தமிழர்களும் அவர்களில் உண்டு. நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய விஷயம் இது.

பூங்கா, நூலகம், நீச்சல் குளம் ஆகியவற்றைப் பிரித்துவைத்த சட்டம் 1990-ல் ரத்தானது. உடனே சில வெள்ளையர் நகராட்சிகள் நூலகக் கட்டணத்தை 'வெளியூர்க்காரர்களுக்கு' மட்டும் பல மடங்கு ஏற்றின. கறுப்பினக் குடியிருப்புகள் தனி நகராட்சிகளாக இருந்ததால், பக்கத்துத் தெருக்காரரும் சட்டப்படி வெளியூர்க்காரர்தான்!

எல்லாவற்றுக்கும் அச்சாணி, ஒவ்வொருவரையும் இன்ன இனம் என்று எழுதிவைத்த 1950-ம் வருட மக்கள் பதிவுச் சட்டம். சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். விழுந்தால் ஓர் இனம், நின்றால் வேறோர் இனம். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இப்படிப் பிரித்தார்கள். 1991 ஜூனில் இதை ரத்து செய்தபோதும் பலன் புதிதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டும்தான். நாடாளுமன்றமே வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று மூன்று அவை. பதிவேட்டைக் கிழித்துவிட்டால் யார் எந்த அவைக்கு ஓட்டுப் போடுவது? அரசியல் சட்டம் மாறும்வரை பழைய பதிவுகள் அப்படியே இருந்தன.

அந்த மாற்றத்துக்காக வெள்ளையர் அரசும் மண்டேலாவின் கட்சியும் மற்றவர்களும் நடத்திய பேச்சுவார்த்தை 1992 மே மாதம், புதிய அரசியல் சட்டம் நிறைவேற 70 சதவீத ஓட்டு போதுமா, 75 வேண்டுமா என்ற இடத்தில் முறிந்தது. ஜூனில் பொய்படாங், செப்டம்பரில் பிஷோ என்று ஊர் ஊராகப் படுகொலைகள் தொடர்ந்தன. முடிச்சை அவிழ்த்தது கம்யூனிஸ்ட் தலைவர் ஜோ ஸ்லோவோ முன்வைத்த யோசனை: சில ஆண்டுகளுக்குக் கூட்டு அமைச்சரவை, பழைய அரசு ஊழியர்களின் வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதுகாப்பு. கசப்பான விலைதான். ராணுவமும் போலீஸும் எதிர்த்தரப்பின் கையில் இருந்தபோது வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1993 டிசம்பரில், இனவாரியாக அமைந்த அதே நாடாளுமன்றம் இடைக்கால அரசியல் சட்டத்தை நிறைவேற்றித் தன் கதையை முடித்துக்கொண்டது.

எல்லா இனத்தவரும் ஓட்டுப் போடவிருந்த 1994 ஏப்ரல் தேர்தலுக்கு ஒரே வாரம் இருக்கும்போதுதான், அதுவரை ஒதுங்கி நின்ற, ஜூலு மக்களிடம் செல்வாக்குள்ள இன்காதா கட்சி போட்டியிடச் சம்மதித்தது. 18 கட்சிகளோடு ஓட்டுச்சீட்டு ஏற்கெனவே அச்சாகியிருந்தது. 19-வது பெயரை ஸ்டிக்கராக அடியில் ஒட்டினார்கள், லட்சக்கணக்கான சீட்டுகளில்.

நிலம் மட்டும் இன்னும் தீராத கணக்கு. 1913-ம் வருடச் சட்டம் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கியது சுமார் 7 சதவீதம். 1936-ல் அது சுமார் 13 ஆயிற்று. 1991-ல் இந்தச் சட்டங்களும் ரத்தாயின, ஆனால் பத்திரம் யார் பெயரில் இருந்ததோ அவரிடமே நிலம் நின்றது. இழந்ததைத் திருப்பிக் கேட்க 1994-ல் வழி செய்தார்கள். 1913 ஜூன் 19-க்கு முன்பு பறிபோனதற்கு அதில் இடமில்லை. கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற குடியிருப்பிலிருந்து விரட்டப்பட்டவர்கள் சுமார் 60,000 பேர். மனு கொடுத்துவிட்டு வீட்டுக்காகக் காத்திருந்தே இறந்துபோனவர்கள் அவர்களில் பலர்.