பட்டறைப் பதில்கள்: முதலில் வாலைக் கட்டுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. ஐ.டி. வேலை. பாகங்களாக வருகிற அமெரிக்கக் கிட் விமானம் ஒன்றை வரவழைத்து வீட்டிலேயே கட்ட வேண்டும் என்று பல வருட ஆசை. அப்பார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் இரண்டு கார் நிறுத்துகிற இடம் எனக்கு இருக்கிறது. கருவிகளுக்கு எக்ஸெல் பட்டியல் போட்டாயிற்று. மனைவியின் சம்மதம் பாதி கிடைத்திருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
- எஸ்.கே., ஜே.பி. நகர், பெங்களூரு

பதில்: தம்பி, மீதிப் பாதிச் சம்மதத்தை வாங்குவதிலிருந்து ஆரம்பியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரிவிட், அதாவது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஆணி, அடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வெளியே நின்று அதை அடிக்கிற கன்னைப் பிடிப்பார். இன்னொருவர் உள்பக்கம் டாலியை ரிவிட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். டாலி என்றால் கைக்கு அடக்கமான, முகம் பாலிஷ் போட்ட இரும்புக் கட்டி. உங்கள் கிட் புத்தகத்தில் அதை பக்கிங் பார் என்று போட்டிருப்பான். ரிவிட் அடிக்கும் வரை தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்துகிற, நாங்கள் ஸ்கின் பின் என்பதை அவன் கிளீகோ என்பான். சாமான் ஒன்றுதான், பயப்படாதீர்கள்.

நான் இந்த ஊரில் ஒரு விமானத் தொழிற்சாலையில் 34 வருஷம் ஷீட் மெட்டல் பிரிவில் இருந்தவன். இப்போது முருகேஷ்பாளையாவில் என் வீட்டு ஷெட்டில் ஒரு கிட் உருவாகிக்கொண்டிருக்கிறது. பணம் என் அக்கா மகனுடையது, கை என்னுடையது, டாலி என் மனைவியுடையது. முதல் வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர், இப்போது "கன் சாயுது, நிறுத்துங்க" என்று எனக்கே சொல்கிறார். சொன்னால் சரியாகத்தான் இருக்கிறது.

கிட்டை மொத்தமாக வாங்காதீர்கள். ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வென் ஆரம்பித்த வான்ஸ் கம்பெனியின் ஆர்.வி. வரிசை விமானங்கள் உலகத்தில் 10,000க்கு மேல் பறந்திருக்கின்றன. அவர்கள் கிட்டை வால், இறக்கை, உடல், கடைசிச் சாமான்கள் என்று பகுதி பகுதியாக விற்கிறார்கள். வாலை முதலில் வாங்குவதுதான் வழக்கம். வாலில் நிமிர்ந்து நின்று இடம் வலம் திருப்புகிற ரடர், சாப்பாட்டு மேஜையில் வைத்து வேலை செய்கிற அளவுதான் இருக்கும். ஸ்பார் என்கிற முதுகெலும்பு, ரிப் என்கிற விலா, ஸ்கின் என்கிற மேல்தகடு, ரிவிட் என்று இறக்கையில் வரப்போகிற வேலை எல்லாம் அதிலேயே வந்துவிடும். மூன்று மாதத்தில் சலித்துப்போனால் வாலோடு விட்டுவிடலாம். அப்படி வாலோடு நின்ற விமானங்கள் உலகத்தில் ஏராளம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த வாலுக்குப் பணம் கட்டுவதற்கும் முன்னால் ஒரு 300 ரிவிட் அடித்துப் பாருங்கள். எஸ்.பி. ரோட்டில் சாதாரண அலுமினியத் தகடு கிடைக்கும். பழகுவதற்கு அது போதும், விமானத்தில் மட்டும் ஒரு துண்டுகூட வைத்துவிடாதீர்கள். விமானத் தகடு 2024-டி3 என்கிற, செம்பு கலந்த அலுமினியம். இரண்டு பக்கமும் சுத்த அலுமினியம் மெல்லிய தோலாக ஒட்டியிருக்கும். துரு தாக்காமல் காப்பது அந்தத் தோல்தான். ரிவிட்டை மட்டும் அசல் விமான ரிவிட்டாகவே வரவழையுங்கள். ஏ.டி. வகையில் தலை நடுவே ஊசி குத்தியது போல ஒரு சின்னக் குழி இருக்கும், அதைப் பார்த்து எடுங்கள்.

எட்டில் ஒரு அங்குல ரிவிட் என்றால் 3.2 மி.மீ. அடித்து முடித்ததும் உள்பக்கத் தலை 4.8 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். அதாவது அகலத்தில் ஒன்றரை மடங்கு, உயரத்தில் பாதி. அதிகம் அடித்தால் தட்டையாகி ஓரம் விரியும், குறைத்தால் தகடு பிடிக்காது. இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் "சொல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள், என்பார்கள். ரிவிட்டிடம் அது நடக்காது.

இனி நான் சொல்வது யூடியூபில் பத்து நொடி வரும், பட்டறையில் பத்து மாதம் வரும். பிசிறு. ட்ரில் போட்டதும் ஓட்டையின் வாயில் பிசிறு நிற்கும். தகட்டின் ஓரத்திலும் நிற்கும். எடுக்காமல் விட்டால் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். நான் சேர்ந்த புதிதில் எங்கள் சார்ஜ்மேன் என்னை மூன்று வாரம் ஓரம் தேய்க்க மட்டுமே விட்டார். சாயங்காலம் வருவார், சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு பழைய பட்டுத்துணியை எடுப்பார், தகட்டின் ஓரத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே இழுப்பாக இழுப்பார். எங்காவது ஒரு நூல் மாட்டினால் போச்சு, பேசாமல் தகட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார். இன்றைக்கும் என் ஷெட்டில் ஒரு பட்டுத்துண்டு ஆணியில் தொங்குகிறது. என் மனைவியின் முகூர்த்தப் புடவையில் கிழிந்துபோன முந்தானை ஓரம் அது. கேட்டுத்தான் எடுத்தேன்.

பிசிறு பயம் எனக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2023-ல் ஒரு பெரிய கிட் கம்பெனியே இதில் மாட்டிக்கொண்டது. ஓட்டைகளை லேசரில் வெட்டி அனுப்பியிருந்தார்கள். ரிவிட் தலை உட்காரக் குழி அழுத்துகிற டிம்பிள் போடும்போது அந்த ஓட்டைகளின் விளிம்பில் விரிசல் விட்டது. பாகங்களை மாற்றித்தர வேண்டியதாயிற்று.

இன்னொன்று, உங்களைப் போன்றவர்கள் பென்சிலும் ஸ்கேலுமாகத்தான் வருவீர்கள். அலுமினியத்தில் பென்சில் கோடு போடவே கூடாது. கிராஃபைட் ஈரம் பட்டால் அந்தக் கோட்டிலேயே அலுமினியத்தை அரிக்கும். மார்க்கர் பேனா போதும். தகட்டின் மேல் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் தாளையும் "கீறல் படாமல் இருக்கட்டுமே" என்று மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், அடியில் ஈரம் தங்கும்.

இடம்: இரண்டு கார் இடம் வாலுக்குத் தாராளம், இறக்கைக்கும் போதும். உடல் என்று வரும்போது ஆர்.வி.-7 போன்ற இரண்டு சீட்டுக்காரனே 20 அடி நீளம். பேஸ்மெண்ட் சாய்தளத்தில் அது திரும்புமா என்று இப்போதே ஒரு மூங்கிலை வைத்து அளந்து பாருங்கள். அசோசியேஷன்காரர்களிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். ரிவிட் கன் சத்தம் கான்கிரீட்டுக்குள் எதிரொலித்தால் ஆஞ்சநேயர் கோவில் பஜனை பரவாயில்லை என்பார்கள். எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் கைக்குழந்தை இருப்பதால் மாலை 4 முதல் 6 வரைதான் அடிக்கிறோம். குழந்தை தூங்கிவிட்டால் அதுவும் கிடையாது, அன்றைக்குப் பிசிறு எடுப்பு.

நேரம்: 1,500 முதல் 2,000 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்குப் பத்து மணி கொடுத்தால் மூன்றிலிருந்து நான்கு வருஷம். பறக்கத்தான் ஆசை, அரம் பிடிக்க இல்லை என்றால் இந்தப் பணத்தில் ஃபிளையிங் கிளப்பில் சேருங்கள். ஜக்கூரில் மைசூர் மகாராஜா காலத்துப் பயிற்சிப் பள்ளியே இருக்கிறது.

காகிதம்: விமானம் முடிந்த பிறகு டி.ஜி.சி.ஏ.வுக்கு, அதாவது விமானங்களுக்கு அனுமதி தருகிற மத்திய அரசு அலுவலகத்துக்கு, போகலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். மூடிய இறக்கைக்குள் என்ன செய்தீர்கள் என்று யாரும் பார்க்க முடியாது. வாலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள், எந்தெந்தக் கட்டத்தில் யார் வந்து பார்ப்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு நாள் வேலையையும் தேதி போட்டு, போட்டோவோடு நோட்டில் எழுதுங்கள். எழுதாத வேலை செய்யாத வேலை என்பதுதான் எங்கள் தொழிற்சாலைச் சட்டம்.

கேள்வி: 34 வருஷம் அனுபவம் என்கிறீர்கள். உங்கள் கையாலேயே கெட்டுப்போன பாகம் உண்டா?
- ஒரு வாசகர், லிங்கராஜபுரம்

பதில்: உண்டு. போன ஆடி மாதம், எலிவேட்டர் ஸ்கின். வாலில் விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குகிற பாகம் எலிவேட்டர். தகடு 0.4 மி.மீ. கனம், அப்பளத்தைவிட மெல்லிசு. கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. "ஒன்றே ஒன்று அடித்துவிட்டு எழுந்திருக்கலாம்" என்று கன்னை வைத்தேன். ரிவிட் தலையிலிருந்து வழுக்கித் தகட்டில் பிறைச்சந்திரன் மாதிரி ஒரு பள்ளம். நகத்தால் தடவினால் நகம் நின்றது. நகம் நின்றால் அந்தத் தகடு விமானத்துக்கு ஆகாது. ரிவிட்டை எடுத்துவிட்டு ஒப்பேற்றலாமா என்று அரை மணி யோசித்தேன். கெட்ட ரிவிட்டால் கெடுவதைவிட, அதைப் பிடுங்கப் போய் ஓட்டையைப் பெரிதாக்கிக் கெடுப்பதுதான் அதிகம். ஆகவே புது ஸ்கின். அது வருகிற வழியில் கூரியர்காரர்கள் பெட்டியின் மேல் எதையோ ஏற்றி மூலை மடங்கிப்போய் வந்தது. "பேக்கிங் சரியில்லை, சார்" என்றார்கள். மூன்றாவதாக வந்ததைத்தான் இப்போது பூட்டியிருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் மொட்டை மாடியில் விமானம் கட்டப்போகிறேன் என்கிறார். பக்கத்து வீட்டார் சிரிக்கிறார்கள். இதெல்லாம் நடக்கிற காரியமா?
- ஒரு வாசகி, பானஸ்வாடி

பதில்: நடந்திருக்கிறது, அம்மா. மும்பை காந்திவலியில் சார்கோப் பகுதியில் கேப்டன் அமோல் யாதவ் என்கிற விமானி, தன் குடும்பம் வசிக்கும் கட்டிடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்கார்கிற விமானம் கட்டினார். அதுவும் கிட் இல்லை, சொந்த வடிவமைப்பு. 2016-ல் மும்பையில் நடந்த மேக் இன் இந்தியா வாரத்தில் அதை இறக்கிக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார். டி.ஜி.சி.ஏ. பதிவு கிடைத்தது 2017 நவம்பரில். இடையில் அவர் ஏறி இறங்கிய படிகள் எத்தனை என்று அவரைத்தான் கேட்க வேண்டும். உங்கள் கணவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாடியிலிருந்து எப்படி இறக்குவாய், மழைக்கு எதைப் போட்டு மூடுவாய்? இரண்டுக்கும் பதில் வைத்திருந்தால் டாலியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓசூரில் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். மாருதி எஞ்சினைக் கழற்றி சின்ன விமானத்தில் மாட்டினால் என்ன? அதுவும் எஞ்சின்தானே?
- ஆர்., ஓசூர்

பதில்: எஞ்சின்தான். தகராறு புரொபெல்லரோடு. 72 அங்குல புரொபெல்லர் நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றினால் அதன் நுனி விநாடிக்கு சுமார் 259 மீட்டர் போகிறது. ஒலியின் வேகத்தில் முக்கால் பங்கு. விமானத்துக்கென்றே செய்த லைகமிங் எஞ்சின் அந்தச் சுற்றிலேயே முழு பலத்தையும் தருகிறது, நேராக மாட்டலாம். கார் எஞ்சினுக்குத் தம் வருவது 5,000 சுற்றுக்கு மேல். அதை நேராக மாட்டினால் நுனி ஒலியைத் தாண்டிவிடும். ஊரே அதிரும், இழுவை இருக்காது. ஆகவே நடுவில் கியர் வேண்டும். அந்த கியரும் அதில் வருகிற அதிர்வும்தான் கார் எஞ்சின்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பது. ரோட்டில் எஞ்சின் நின்றால் ஓரம் கட்டலாம்.

ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 வகையில் 100 குதிரைசக்தி எஞ்சினுக்கு 2.43-க்கு 1 கியர் கூடவே வருகிறது. 5,800 சுற்றைச் சுமார் 2,390 ஆக இறக்கிவிடும். கார் பெட்ரோலும் குடிக்கும். ஆனால் எத்தனால் 10 சதவீதம் வரைதான் ஒத்துக்கொள்ளும். நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது ஊற்றுவது 20 சதவீதம். மெக்கானிக் நீங்கள், ரப்பர் ஹோஸ் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ரிவிட்டே இல்லாமல் விமானம் கட்ட முடியாதா? நம் ஊரில் யாராவது கட்டியிருக்கிறார்களா?
- மாணவர், அல்சூர்

பதில்: பேஷாக. பர்ட் ரூட்டன் லாங்-ஈஸி என்கிற விமானத்தை அப்படித்தான் வடிவமைத்தார். ஃபோம் கட்டையைச் சூடான கம்பியால் வெட்டி, மேலே கண்ணாடி இழைத் துணியும் எப்பாக்ஸியும். வாலை முன்னால் வைத்துக்கொண்டு பறக்கிற மாதிரி தெரியும். நம் பெங்களூருவில் இருக்கிற மத்திய அரசின் விமான ஆராய்ச்சிக்கூடமான என்.ஏ.எல். அந்த வடிவத்தை வைத்தே ஒரு ஆராய்ச்சி விமானம் கட்டி 1987-ல் பறக்கவிட்டது. பிறகு அவர்களே ஹன்ஸா என்கிற இரண்டு சீட் பயிற்சி விமானத்தையும் அதே கண்ணாடி இழைக் குடும்பத்தில் செய்தார்கள், அது 1993-ல் பறந்தது. எப்பாக்ஸி அளவு தராசில் பார்க்க வேண்டிய வேலை, கண் மதிப்பு உதவாது. எனக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாது, அதனால் அதிகம் பேசவில்லை.

கேள்வி: கட்டியவனுக்கே ஓட்டவும் லைசென்ஸ் வேண்டுமா?
- கே.வி., ஃப்ரேசர் டவுன்

பதில்: வேண்டும். தோசைக்கல் செய்தவன் தோசை சுடலாம், இது அப்படியில்லை.

கேள்வி: உங்கள் விமானம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?
- மூன்று வாசகர்கள் தனித்தனியே

பதில்: ரடர் முடிந்து சுவரில் மாட்டியிருக்கிறது. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் என் மனைவி ஷெட்டுக்குக் கூட்டிப்போய், "இந்த வரிசை முழுக்க நான் டாலி பிடிச்சது" என்று விரலால் தடவிக் காட்டுகிறார். அந்த வரிசையில் மேலிருந்து ஆறாவது ரிவிட் தலை ஒரு மயிரிழை சாய்ந்திருக்கும். அங்கே வந்ததும் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்க்கிறார்.