ஊதா மெழுகுவர்த்தி இல்லாமல் திருவருகைக் காலம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற மன்னார்குடியில் ஊதா மெழுகுவர்த்தி கிடைக்கவில்லை, பிள்ளைகளும் செபத்துக்கு உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள், சகோதரி. வெள்ளை மெழுகுவர்த்தி நான்கு போதும், மூன்றுக்கு ஊதா ரிப்பன், மூன்றாம் ஞாயிறு ஏற்றுவதற்கு மட்டும் ரோஸ். நாங்கள் பித்தளைத் தாம்பாளத்தில் ஆற்று மணலைக் கொட்டி அதில் நட்டு, சுற்றிலும் சவுக்குத் தழையை வைப்போம் (ஒரு வாரத்தில் காய்ந்து பொலபொலவென்று கொட்டும், தீயும் சட்டென்று பிடிக்கும், அதனால் வாராவாரம் மாற்றிவிடுங்கள்).

பிள்ளைகளை முழு ஜெபமாலைக்கு உட்கார வைத்தால் யார் உட்காருவார்கள்? லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு, கடைக்குட்டியைத் திரி ஏற்றச் சொல்லுங்கள், பைபிளில் எசாயா 9ஆம் அதிகாரத்தில் இரண்டு வசனம், ஒரு பாட்டு, அவ்வளவுதான். கார்த்திகை மழையில் கரண்ட் போனால் இன்னும் நல்லது.

அப்புறம் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் புல். மூன்றாம் ஞாயிறன்று கொட்டாங்குச்சியில் மண் போட்டு, ஊறவைத்த கேழ்வரகைத் தூவி ஈரத்துணியால் மூடச் சொல்லுங்கள். முளை விட்டதும் துணியை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் வைத்தால் டிசம்பர் 24ஆம் தேதி ராத்திரிக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும், முளை விடும்வரை பிள்ளைகள் தினமும் துணியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், திட்டாதீர்கள்.