பி.எஸ்சி. வேதியியல் முடித்த பெண்ணுக்கு ரெசின் வேலை சரிப்படுமா?

மூன்று மாத 3டி பிரிண்டிங் கோர்ஸுக்கு மகளைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். மெஷினை ஓட்டுவதைச் சில வாரங்களில் பழகிவிடலாம். நல்ல சம்பளம் ரெசினின், அதாவது ஒளி பட்டால் இறுகும் பிரிண்டிங் திரவத்தின், குணம் தெரிந்தவருக்குத்தான்.

பல் மருத்துவர் நீல விளக்கைக் காட்டியதும் அடைப்பு கல்லாக இறுகுகிறதே, கிட்டத்தட்ட அதே வேதியியல்தான் இங்கும். ரெசினில் உள்ள திரவ அக்ரிலேட்டில் ஃபோட்டோ இனிஷியேட்டர் கொஞ்சமாகக் கலந்திருக்கும். ஒளி பட்டதும் அது வினையைத் தொடங்கிவைக்க, மூலக்கூறுகள் வலைபோலப் பின்னிக்கொள்ளும்.

சிறிய பிரிண்டர்களில் பெரும்பாலும் 405 நானோமீட்டர் ஒளி. பாகம் லேயர் லேயராக இறுகி வளரும்; 50 மைக்ரான் (0.05 மி.மீ.) லேயருக்கு 2–3 விநாடி ஒளி போதும். பாகத்தைத் தூக்கும் தட்டில் ஒட்டவேண்டிய முதல் நாலைந்து லேயருக்கு மட்டும் 25–35 விநாடி தேவைப்படும். அங்கே கஞ்சத்தனம் செய்தால் பாகம் ரெசின் தொட்டியின் அடி ஃபிலிமில் ஒட்டிக்கொள்ள, தட்டு வெறுமனே மேலே வரும். மற்ற லேயர்களில் ஒளி கூடினால் துளைகள் சுருங்கி அளவு தப்பும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே க்யூரிங் பெட்டியில் (மீண்டும் ஒளி காட்டி முழுதாக இறுகவைக்கும் பெட்டி) வைக்க வேண்டும். அப்படியும் மேலே பிசுபிசுத்தால் காற்றின் ஆக்சிஜன் வினையைத் தடுக்கிறது என்று அர்த்தம். கிளிசரினில் மூழ்கவைத்து ஒளி காட்டினால் தீரும். இந்தக் காரணங்களைச் சொல்லத் தெரிந்தவர் ஆபரேட்டராகவே தேங்கிவிட மாட்டார்.

டிபிஓ என்ற இனிஷியேட்டரை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனப் பொருட்களில் தடை செய்துவிட்டது. ஜெல் நகப்பூச்சுக்காரர்கள் ஃபார்முலாவை மாற்ற வேண்டியதாயிற்று. மாற்று இனிஷியேட்டரைப் போட்டு, அதே வேகத்தில், மஞ்சளிக்காமல் இறுகவைப்பது வேதியியல் படித்தவரின் வேலை. மரப்பூச்சு, அச்சு மை, ஆப்டிகல் ஃபைபரின் மேலுறை எல்லாவற்றிலும் இந்த வேலை உண்டு.

உற்பத்தி, பரிசோதனைப் பக்கம் போக விருப்பமென்றால் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டின் இரண்டாண்டு முதுநிலை டிப்ளமோ. ஃபார்முலேஷன், அதாவது ரெசினின் கலவையை உருவாக்கும் வேலை என்றால் எம்.எஸ்சி. பாலிமர் வேதியியல். உங்கள் மகளுக்கு இரண்டாவதையே சொல்வேன்.

ஒன்றை மட்டும் இப்போதே பாருங்கள்: கையில் அடிக்கடி அரிப்பு, கரப்பான் வருமா? வருமென்றால் முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இறுகாத ரெசின் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக ஆயுளுக்கும் போகாது. நைட்ரைல் கையுறை கட்டாயம். ரெசின் பட்டதும் அதையும் மாற்ற வேண்டும்.

கோர்ஸ் நடத்தும் இடத்துக்குப் போனால், கழுவிய, இறுகாத ரெசின் கலந்த ஆல்கஹாலை என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். சிங்க்கில் ஊற்றுவதாகச் சொன்னால் படியிறங்கிவிடுங்கள்.