கடல் அனுபவமே இல்லாமல் அலுவலக அணியோடு பாய்மரப் படகுப் போட்டிக்குப் போகலாமா?

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வேலை பார்க்கும் உங்களை, ஜூலை மாதம் அருகிலுள்ள கவ்ஸிலிருந்து பிரான்சின் செயின்ட் மாலோ வரை நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிக்கான அலுவலக அணியில் சேரும்படி மேலாளர் வற்புறுத்துகிறார், முன் அனுபவம் எதுவும் இல்லை, வீட்டிலும் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அனுபவம் இல்லாதது ஒரு தடையே அல்ல. படகில் யார் யார் ஏறுவது என்பதை முடிவு செய்பவர் படகின் தலைவரான ஸ்கிப்பரா, உங்கள் நிர்வாகமா என்பதை மட்டும் முதலில் விசாரியுங்கள். ஸ்கிப்பர்தான் என்றால் தாராளமாகப் போகலாம். நிர்வாகம் என்றால், எவ்வளவு வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

நானும் அதே கரையில், வேறொரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தபோது இந்தப் போட்டிக்குச் சென்றவன். பிறந்தது தருமபுரிப் பக்கம். நீந்தக் கற்றது கிணற்றில். எங்கள் நிறுவனம் 40 அடிப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தது. ஸ்கிப்பரையும் அவருடைய துணையாளரையும் படகுக்காரர்களே அனுப்பினார்கள். மற்ற இடங்களுக்குக் கணக்குப் பிரிவு, கிடங்கு, வரவேற்பு, மென்பொருள் என்று எல்லாத் தளங்களிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தோம். வசந்த காலம் முழுவதும் வார இறுதிகளில் சோலன்ட் நீரிணையில் பயிற்சி நடந்தது, அதற்குச் சம்பளமோ மாற்று விடுப்போ கிடையாது. எங்களில் மிக விரைவாகத் தேறியவர் கிடங்கில் வேலை செய்த ஓர் இளைஞர். பாய்க் கயிறுகளை இறுக்கும் விஞ்ச் உருளையில் கயிற்றை வலமாகச் சுற்றும்போது விரல்களை உருளையிலிருந்து விலக்கியே வைத்திருக்க வேண்டும்; காற்று ஒரு முறை பாயை இழுத்தால் இடையில் அகப்பட்ட விரல் மிஞ்சாது. நாங்கள் இதை ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்திக்கொண்டு செய்தபோது, அவருடைய கை தானாகவே அப்படிப் போனது.

போட்டிக்கு முந்தைய வாரம் நிர்வாகத்திடமிருந்து இறுதிப் பட்டியல் வந்தது. அதில் அந்த இளைஞரின் பெயர் இல்லை. பயிற்சிக்கு ஒரு நாளும் வராத உயர் அதிகாரி ஒருவரின் பெயரும், அவர் அழைத்துவரவிருந்த வாடிக்கையாளர் ஒருவரின் பெயரும் இருந்தன. ஸ்கிப்பர் பட்டியலைப் படித்துவிட்டு, இரவுப் பயிற்சிக்கு வராதவரை இரவில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் படகில் ஏற்ற மாட்டேன் என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார். பாய்மரப் போட்டி விதிகளின்படி, போட்டியில் இறங்குவதா, தொடர்வதா என்ற முடிவு அந்தந்தப் படகின் பொறுப்பு மட்டுமே. அந்தப் பொறுப்பை அமைப்பாளர்கள்கூட ஏற்பதில்லை. அந்த விதியின் பின்னால் நின்றுதான் அவர் உறுதியாகப் பேசினார். இளைஞருக்கு இடம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவருக்கு மட்டும் விடுப்பு மறுக்கப்பட்டதால், அந்த நாளின் சம்பளத்தை இழந்துதான் வந்தார். அதை இன்றும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி போட்டியைப் பற்றி. ராயல் ஓஷன் ரேசிங் கிளப் நடத்தும் இது சுமார் 151 கடல் மைல். வெள்ளிக்கிழமை வைட் தீவின் கவ்ஸிலிருந்து புறப்பட்டு, நீடில்ஸ் பாறைகளைத் தாண்டி, சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போகும் ஆங்கிலக் கால்வாயைக் குறுக்காகக் கடந்து, காஸ்கெட்ஸ் பாறைகளையும் கெர்ன்சித் தீவின் லே ஹனுவா கலங்கரை விளக்கத்தையும் இடப்பக்கம் விட்டுச் செயின்ட் மாலோவை அடைய வேண்டும். செயின்ட் மாலோவில் பெரிய ஓதத்தின்போது, அதாவது கடலின் ஏற்றவற்றம் மிகுந்திருக்கும் நாட்களில், கடல் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அவ்வளவு தண்ணீரும் கெர்ன்சியையும் அதன் பக்கத்துத் தீவுகளையும் சுற்றி புகுந்துதான் வரவும் போகவும் வேண்டும் என்பதால், காற்று மெலிந்துவிட்டால் படகின் வேகத்தைவிட நீரோட்டத்தின் வேகம் கூடிவிடும். இந்தப் போட்டியில் பாதி வேலை கடிகாரத்தையும் ஓத அட்டவணையையும் பார்த்துச் செய்வது.

எங்களுக்கு அதுதான் நேர்ந்தது. காஸ்கெட்ஸை நெருங்கிய நேரத்தில், விடியலுக்குச் சற்று முன்பு, காற்று அடியோடு நின்றது. பாய்கள் தொங்கின. பக்கவாட்டில் தண்ணீரைப் பார்த்தால் படகு அசையாமல் நிற்பது போலிருந்தது. ஜிபிஎஸ் திரையிலோ நாங்கள் இங்கிலாந்தை நோக்கிப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். ஸ்கிப்பர் குரலை உயர்த்தாமல், சத்தமில்லாமல் நங்கூரத்தை இறக்கச் சொன்னார். சங்கிலி உரசும் ஒலி கேட்டால் பக்கத்துப் படகுகளும் விழித்துக்கொள்ளும். நங்கூரமிடுவதை விதி அனுமதிக்கிறது. பிறகு அதை மேலே எடுத்துக்கொண்டுதான் போட்டியைத் தொடர வேண்டும். ஆழம் அதிகம் என்பதால் கையிலிருந்த கயிறுகளையெல்லாம் ஒன்றோடொன்று முடிந்து இறக்கினோம். படகின் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்து, அந்தக் கயிற்றின் மேல் இரண்டு விரல்களை வைத்தபடி காவலிருந்தவர் அந்தக் கிடங்கு இளைஞர்தான். கயிறு அதிர்ந்தால் நங்கூரம் தரையில் இழுபடுகிறது என்று பொருள். அசையாமல் விறைத்திருந்தால் பிடித்துக்கொண்டது. "பிடிச்சிருச்சு" என்ற பொருளில் அவர் கட்டை விரலை உயர்த்தினார். எங்களுக்கு முன்னால் இருந்த படகுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து பின்னோக்கி நகர்ந்தன. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்று அவர்களை முந்திக்கொண்டிருந்தோம். வெயில் ஏறிய பிறகு மேல்காற்று எழுந்தது. அத்தனை கயிற்றையும் மாறி மாறிக் கையாலேயே இழுத்து ஏற்றினோம். பட்டியலில் இருந்த அந்த அதிகாரி அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. அந்த இளைஞர் இருந்தார், நங்கூரம் பிடித்தது. அதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நம் ஊர் மீனவர்கள் தினந்தோறும் செய்வதற்கு முன்னால் இதெல்லாம் ஒரு பெருமையா என்று சிலர் கேட்கலாம். மீனவர்களின் கடலறிவோடு என்னை நான் ஒப்பிடவே இல்லை. அந்தத் தகுதி எனக்குக் கிடையாது. படகு வைத்திருப்பவர்கள் வசதியானவர்கள் என்பதும் உண்மை. ஆனால் பணியிட அணிகள் இந்த விளையாட்டுக்குப் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை அல்ல. இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு அயர்லாந்துக் கரையோரத்து ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் ஃபாஸ்ட்நெட் போட்டி 1925-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதை வென்ற ஐலெக்ஸ் என்ற படகு, பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்களின் படகுக் கழகத்தைச் சேர்ந்தது. சேர்ந்து வேலை செய்பவர்கள் சேர்ந்து பாய் ஏற்றுவது இங்கே நூறாண்டு வழக்கம்.

வீட்டில் பயப்படுவதில் தவறே இல்லை. அவர்களைச் சமாதானப்படுத்துவதற்காக ஆபத்து இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். 1979 ஃபாஸ்ட்நெட் போட்டியில் 303 படகுகள் புறப்பட்டன. இடையில் புயல் தாக்கிப் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். முடித்தவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான படகுகளே. உடலைப் படகோடு பிணைக்கும் கயிறோ அதன் கொக்கியோ கைவிட்டதால் இறந்தவர்களும் அவர்களில் உண்டு. ஆட்கள் கைவிட்டுப் போன 24 படகுகளில் 5 மட்டுமே மூழ்கின. மற்றவை பிறகு மீட்கப்பட்டன. இன்று இரவுப் பயிற்சி, கடலில் உயிர்பிழைக்கும் பயிற்சி, தகுதிகாண் மைல்கள் (போட்டிக்கு முன்பே கடலில் ஓட்டியிருக்க வேண்டிய தூரம்) என்று கேட்பதெல்லாம் இப்படிப்பட்ட இழப்புகளுக்குப் பிறகு இறுகிய விதிகளும் வழக்கங்களும். அவற்றை வெறும் சம்பிரதாயம் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால், அவரோடு படகேறாதீர்கள்.

அனுபவமில்லாதவருக்கு அங்கே என்ன வேலை என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான நேரம், காற்று வரும் பக்கத்து விளிம்பில் வரிசையாகக் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்து, படகு சாயாமல் எடை கொடுப்பதுதான். படகு திசை திரும்பும்போது, பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கிடைமட்டக் கம்பமான பூமுக்குக் கீழே குனிந்து மறுபக்கம் போக வேண்டும். குளிரும், நனையும், தூக்கம் வரும். குமட்டல் மாத்திரையைக் குமட்டிய பிறகு போட்டுப் பயனில்லை. புறப்படும் முன்பே போட்டுவிட வேண்டும், எது ஒத்துக்கொள்ளும் என்பதைப் பயிற்சி நாட்களிலேயே பார்த்துவிடுங்கள்.

நாளை மேலாளரிடம் இவற்றைக் கேளுங்கள்: இரவுப் பயிற்சி உண்டா, பயிற்சி நாட்களுக்கு மாற்று விடுப்பு எல்லோருக்கும் உண்டா, கிடங்கிலும் வரவேற்பிலும் இருப்பவர்களுக்கும் உண்டா. எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்கிப்பரைத் தனியாகச் சந்தித்து, தகுதியில்லாதவரைப் படகில் ஏற்ற மறுக்கும் உரிமை அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று தயக்கமில்லாமல் சொன்னால், அன்றே உங்கள் பெயரைக் கொடுத்துவிடலாம்.