இன்று சரியாகச் சொன்னது மூன்று வாரம் கழித்தும் நிற்குமா? கற்பித்தல் ஆய்வுகள் பற்றிய கேள்வி பதில்

8-ஆம் வகுப்பு அறிவியல் ஆசிரியை: ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்க நேரமில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் வகுப்பில் செய்வதென்றால் எதில் தொடங்கலாம்?

பதில்: பாடவேளையின் முதல் சில நிமிடங்களில் தொடங்குங்கள். நோட்டும் புத்தகமும் மூடியிருக்கட்டும். கரும்பலகையில் நான்கு சிறு கேள்விகள்: இரண்டு நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. தனித்தனியாக எழுத 3 நிமிடம் கொடுங்கள். பிறகு நீங்கள் விடை சொல்லச் சொல்ல, அவரவர் வேறு நிறப் பேனாவில் திருத்திக்கொள்ளட்டும். பாதிப் பேருக்கு மேல் தவறவிட்ட கேள்வியை மட்டும் அங்கேயே மறுபடி விளக்கிவிட்டு அன்றைய பாடத்துக்குப் போங்கள்.

இதற்கு அடிப்படையான ஆய்வுகளில் முக்கியமானது, அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியைத் திரும்பத் திரும்ப நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தது. 5 நிமிடத்தில் சோதித்தபோது படித்த குழுவுக்கு 83%, எழுதிய குழுவுக்கு 71%. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது 40%, 61%. அப்படியே தலைகீழ்! இல்லினாய் மாநிலத்தில் 8-ஆம் வகுப்பு அறிவியல் பாடத்திலேயே பின்னர் சோதித்தார்கள். அங்கும் சிறு வினாக்களாகக் கேட்கப்பட்ட பகுதிகள்தான் பிந்தைய தேர்வில் நன்றாக நினைவில் இருந்தன.

இந்த முறை கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. வாய்மொழியாகக் கேட்டால் கை தூக்கும் நான்கு பேர்தான் யோசிப்பார்கள். ஒருமுறை வாசிக்கச் சொல்லிவிட்டு உடனே கேட்டால் நினைவிலிருந்து எடுக்கும் உழைப்பே இருக்காது. விடையைச் சொல்லாமல் விட்டால் தப்பாக எழுதியது தப்பாகவே மனதில் ஊன்றும். பத்தில் ஏழு பேராவது சரியாக எழுதக்கூடிய அளவில் கேள்வி இருப்பது நல்லது என்பது என் கணிப்பு. யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராத கேள்வியால் பயனில்லை.

தனியார் பள்ளி ஆசிரியர்: எங்கள் பள்ளியில் தினமும் ஸ்லிப் டெஸ்ட் உண்டே. அதுவும் இதுவும் ஒன்றுதானே சார்?

பதில்: மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றி, டைரியில் பெற்றோர் கையெழுத்தும் வாங்கினால் ஒன்றல்ல. அப்போது பிள்ளையின் கவனமெல்லாம் எண்ணில்தான் இருக்கும். எட்டிப் பார்த்து எழுதுவதும் அங்கிருந்துதான் வருகிறது. இஸ்ரேலில் ரூத் பட்லர் செய்து 1988-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். முன்னேறியது குறிப்பு மட்டும் பெற்ற குழு. இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண்ணைப் பார்த்ததும் குறிப்பு கண்ணில் படவில்லை போலிருக்கிறது. நிர்வாகம் பதிவேடு கேட்டால் வாரத்தில் ஒரு டெஸ்டை மட்டும் ஏற்றுங்கள். மற்ற நாள்களில் எண் வேண்டாம்.

10-ஆம் வகுப்புக் கணித ஆசிரியர்: பயிற்சிக் கணக்குகளை அன்று சரியாகப் போடுகிறார்கள். காலாண்டுத் தேர்வில் அதே கணக்கை விட்டுவிடுகிறார்கள். ஏன்?

பதில்: பயிற்சி 3.4 முழுவதும் ஒரே வகைக் கணக்கு என்றால், எந்த முறையில் போடுவது என்று மாணவர் யோசிக்கவே வேண்டியதில்லை. தேர்விலோ முதலில் செய்ய வேண்டியதே முறையைத் தேர்ந்தெடுப்பதுதான். ரோரரும் டெய்லரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கன அளவு காணும் கணக்குகளை வகைவாரியாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89% சரி. கலந்து போட்டவர்கள் 60% தான். ஒரு வாரத்துக்குப் பிறகு முன்னவர்கள் 20%, பின்னவர்கள் 63%.

புத்தகத்தை மாற்ற வேண்டாம், வீட்டுப்பாடத்தை மாற்றினால் போதும். பத்துக் கணக்கு கொடுத்தால் நான்கு இன்றையது, ஆறு பழைய பாடங்களிலிருந்து. ஒரே வகை அடுத்தடுத்து வரக்கூடாது. ஆனால் புது முறையை அறிமுகப்படுத்தும் நாளிலேயே கலக்காதீர்கள். முதலில் நான்கைந்து கணக்குகளைத் தொடர்ச்சியாகப் போட்டுப் பழகட்டும். கலக்கத் தொடங்கியதும் தவறுகள் கூடும், பிள்ளைகள் முனகுவார்கள், எச்.எம். கேட்பார். அந்த இரண்டு மூன்று வாரத்தைத் தாண்டாமல் கைவிடுகிறவர்களே அதிகம்.

அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை: ஐந்தாம் வகுப்பில் 32 பேர். பத்துப் பேருக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியவில்லை. பாடத்தை நடத்துவதா, எழுத்தைச் சொல்லிக் கொடுப்பதா?

பதில்: இந்தியாவில் மிக ஆழமாக ஆராயப்பட்ட கேள்விகளில் ஒன்று இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளை 15 முதல் 20 பேர் கொண்ட குழுவாக நாளுக்கு 2 மணி நேரம் தனியே அழைத்து, உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு அடிப்படையைக் கற்பித்தது. பொருளியலாளர்கள் பானர்ஜி, டுஃப்லோ முதலியோர் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல்போல், பள்ளிகளைப் பிரித்து ஆராய்ந்தார்கள்; பலன் தெளிவாகத் தெரிந்தது. அடுத்து நடந்ததுதான் நமக்குப் பாடம். பீகாரில் பள்ளிகளுக்குக் கற்பித்தல் பொருள்களை மட்டும் கொடுத்தபோது பலனில்லை. உத்தராகண்டில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருளும் கொடுத்தும் பலனில்லை. ஆனால் பீகாரின் அதே அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கோடை முகாமில் நடத்தியபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆசிரியருக்குத் திறமை இல்லாமல் இல்லை. பள்ளி நாளில் பாடத்திட்டம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால் ஹரியானாவில் 2012-13-ல் பள்ளி நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, வகுப்பைக் கலைத்து நிலைவாரியாக உட்காரவைத்தார்கள். கண்காணிக்கும் அலுவலர்களே முதலில் சில நாள் நேரில் கற்பித்துப் பழகினார்கள். மொழியில் பலன் வந்தது.

உங்கள் வகுப்பில் முதலில் நிலையறியுங்கள். பிள்ளைகளின் வாசிப்பு நிலையை அளக்கும் ‘அசர்’ (ASER) கணக்கெடுப்புக் கருவியின் வரிசை எளிது. ஒன்றாம் வகுப்புத் தரத்தில் நான்கு வரிப் பத்தி ஒன்றைக் கொடுங்கள். வாக்கியமாக ஓடி, மூன்றுக்கு மேல் பிழை இல்லையென்றால் கதைக்குப் போங்கள். திணறினால் சொற்கள்: ஐந்தில் நான்கு சரியா? இல்லையென்றால் எழுத்துகள்: அங்கும் ஐந்தில் நான்கு. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான் ஆகும், தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். 247 எழுத்து அட்டவணையை வைத்துச் சோதிக்காதீர்கள். ஒப்பிப்பார்கள், அது வாசிப்பாகாது. உயிர்மெய்யில் கொம்பு வரும் இடங்களைத் தனியே கவனியுங்கள். கெ, கே, கொ, கோ போன்றவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். பலர் தடுக்குவது அங்கேதான்.

பிறகு தினமும் ஒரு மணி நேரம், மூன்று குழு. தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் உங்களுக்குப் பழக்கமானவையே. கோளாறு குழு பிரிப்பதில் வருவதில்லை, குழு மாறாமல் இருப்பதில் வருகிறது. ஜூனில் அரும்பில் உட்கார்ந்தவர் மார்ச்சிலும் அங்கேயே இருந்தால் அது முத்திரை குத்துவதாகிவிடும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே நிலையறிதலை நடத்தி ஆளை மாற்றுங்கள். மீதி நேரத்தில் ஐந்தாம் வகுப்புப் பாடத்தை எல்லோருக்கும் வாய்மொழியாக நடத்துங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அறிவியல் புரியாது என்று யார் சொன்னது?

தலைமையாசிரியர்: பார்த்துக் கற்போர், கேட்டுக் கற்போர், செய்து கற்போர் என மாணவர்களைப் பிரித்துத் தரும் மென்பொருளை விற்க வந்திருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உளவியலாளர் பாஷ்லரும் வேறு மூவரும் 2008-ல் இருந்த சான்றுகளை அலசிப் பார்த்தார்கள். பிரிவுக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. வரைபடத்தை எல்லோருமே பார்த்துத்தான் கற்க வேண்டும், உச்சரிப்பை எல்லோருமே கேட்டுத்தான்.

பயிற்சி ஆசிரியை: கேள்வி கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடுகிறது. என்ன செய்யலாம் சார்?

பதில்: அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாகக் காத்திருந்தது ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக்கியதும் விடைகள் நீண்டன, புதியவர்களும் பேசினார்கள். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். “கவிதா, ஆவியாதல் என்றால் என்ன?” என்றால் மற்றவர்கள் அந்த நொடியே விடுபட்டுவிடுவார்கள்.

பட்டதாரி ஆசிரியர்: செயல் ஆராய்ச்சியில், அதாவது என் வகுப்பிலேயே நான் செய்த சிறு ஆய்வில், மெல்லக் கற்கும் 8 பேருக்கு வண்ண அட்டைகளால் கற்பித்தேன். முன்தேர்வுச் சராசரி 31, பின்தேர்வில் 58. இது போதுமா?

பதில்: அட்டையால்தான் உயர்ந்தது என்று சொல்ல இது போதாது. மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களாகப் பொறுக்கினால், அவர்களில் சிலர் அன்று காய்ச்சலோடு எழுதியவர்கள். எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் ஏறுவார்கள். பின்தேர்வுத் தாள் எளிதாக இருந்திருக்கலாம். தனிக் கவனமே ஏற்றியிருக்கலாம். அதோடு, நடத்தி முடித்த மறுநாளே தேர்வு வைத்திருப்பீர்கள்.

அடுத்த முறை முழு வகுப்பையும் எடுங்கள். ஆறு பாடங்களில் எந்த மூன்றில் அட்டை என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள், உங்களுக்குப் பிடித்த பாடமாகப் பொறுக்க வேண்டாம். மற்ற மூன்றையும் அதே நேர அளவில் வழக்கம்போல் நடத்துங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏறக்குறைய ஒரே கடினத்தில் அ, ஆ என இரண்டு வினாத்தொகுப்பு. பாதிப் பேர் முன்தேர்வில் அ எழுதினால் பின்தேர்வில் ஆ, மற்றவர்கள் எதிர்மாறாக. பின்தேர்வு ஒவ்வொரு பாடமும் முடிந்து மூன்று வாரம் கழித்து; பெயரை மடித்து மறைத்துச் சக ஆசிரியர் திருத்தட்டும். அட்டைப் பாடங்களுக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றால் அதையே அறிக்கையில் எழுதுங்கள். அடுத்த பள்ளியில் ஒருவர் அட்டை வெட்டும் வேலையாவது மிச்சமாகும்.