பட்டாசுக்குப் பணம் அனுப்பி ஏமாந்தால், புகார் கொடுப்பவர் மீதே வழக்கு வருமா?

கேள்வி: நாங்கள் ஏழு பேர் தீபாவளிக்காகச் சீட்டுப் பிடித்துச் சேர்த்த 18,400 ரூபாயை, இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்த ஒரு சிவகாசிக் கடைக்கு ஜிபே வழியாக அனுப்பினேன். லாரி ரசீதின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பார்சலை விடுவிக்க மேலும் 2,300 ரூபாய் வாங்கினார்கள். அதன்பின் அந்த எண் வேலை செய்யவில்லை, ஐந்து நாட்களாகிவிட்டன. நானே பின் எண் போட்டு அனுப்பியதால் ஒன்றும் செய்ய முடியாது என்று வங்கியில் கைவிரித்துவிட்டார்கள். ஆன்லைனில் பட்டாசு வாங்குவதே தடை, புகார் கொடுத்தால் உங்கள் மீதே வழக்கு வரும் என்று சொல்லும் ஒருவர், 3,000 ரூபாய் கொடுத்தால் தாமே பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?
- வாசகி, செய்யாறு

பதில்: ஏமாந்து பணம் கட்டியதற்காக உங்கள் மீது வழக்கு வராது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பிறப்பித்த ஆணை, உரிமம் பெற்ற வணிகர்கள் மட்டுமே பட்டாசு விற்க வேண்டும் என்றும், இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கவோ விற்கவோ கூடாது என்றும் கூறுகிறது. அதை மீறி விற்கும் நிறுவனங்கள்தான் நீதிமன்ற அவமதிப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தடையைக் காட்டிப் பயமுறுத்தினால் ஏமாந்தவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்பதை மோசடிக்காரர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். உங்களிடம் 3,000 ரூபாய் கேட்பவரும் அதே பயத்தைத்தான் விலைபேசுகிறார்.

இதைப் படித்த உடனே, இணையப் பண மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். நீங்கள் சொல்லும் பரிவர்த்தனை விவரம் அங்கிருந்து பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு அனுப்பப்படும். பணம் அந்தக் கணக்கில் இருந்தால் அதை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைப்பார்கள், வேறு வங்கிக்கு மாறியிருந்தால் தகவல் அந்த வங்கிக்குப் போகும். இரண்டு முறை அனுப்பிய தொகைக்கும் உரிய 12 இலக்கப் பரிவர்த்தனை எண்களையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண் கிடைத்ததும், 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் முழு விவரத்தையும் பதிவு செய்து முடியுங்கள். ஐந்து நாள் தாமதத்தால் முழுத் தொகையும் திரும்பும் வாய்ப்பு குறைந்திருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் தீபாவளி முடியும்வரை அதே கணக்கில் வேறு பலருடைய பணமும் விழுந்துகொண்டிருக்கக்கூடும் என்பதால், தாமதமான புகாரும் வீண் போவதில்லை. நிறுத்தி வைக்கப்பட்ட தொகை உரிய நடைமுறைகள் முடிந்த பிறகே உரியவருக்குத் திரும்பும்.

காவல் நிலையத்தில், இது எங்கள் எல்லை இல்லை, மாவட்டத் தலைநகருக்குப் போங்கள் என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம் என்கிறது. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டு, நேரம் போகப் போகப் பணம் கைமாறும் ஒரு குற்றத்தில் கூலி வேலைக்குப் போகும் பெண்களைப் பேருந்தேற்றி அலையவிடும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வங்கி சொன்னது பாதி உண்மை. நீங்களே பின் எண் இட்டு அனுப்பிய பணத்துக்கு வங்கி பொதுவாக ஈடு தர வேண்டியதில்லை. ஆனால் பணத்தைப் பெற்ற வங்கிக்குத் தகவல் அனுப்பி, உங்கள் புகாரை எழுத்தில் பெற்றுக்கொள்ளும் கடமை அதற்கு உண்டு. ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக மனத்தில் நிறுத்துங்கள், ஏனென்றால் இதைப் பெரும்பாலானோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நீங்கள் எதையும் அனுப்பாமல், பின் எண்ணையோ ஓடிபியையோ யாரிடமும் சொல்லாமல், உங்கள் கணக்கிலிருந்து பணம் தானாகப் போயிருந்தால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதி வேறு விதமாகச் சொல்கிறது. தவறு உங்களுடையதும் இல்லாமல் வங்கியுடையதும் இல்லாமல் வெளியாரால் நேர்ந்திருந்தால், 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவருக்கு இழப்பே கிடையாது. பணம் போனதாகச் செய்தி வந்த நாள் அந்த 3 நாட்களில் சேராது. உங்கள் கிளை மூடியிருக்கும் தீபாவளி விடுமுறையும் ஞாயிறும் சேராது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்ச இழப்பு 10,000 ரூபாய். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கியுடையது. இந்த விதியை விளக்கிச் சொல்லாமல், எல்லாவற்றுக்கும் 'நீங்கள்தானே பின் போட்டீர்கள்' என்ற ஒரே பதிலைச் சொல்லும் கிளைகள் இருக்கின்றன. வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். அதற்கான தகவல் எண் 14448.

இனி, 3,000 ரூபாய் கேட்பவரைப் பற்றிப் பேசியாக வேண்டும். தனியார் ஒருவருக்கு இன்னொருவருடைய வங்கிக் கணக்கை நிறுத்தி வைக்கும் அதிகாரம் கிடையாது; அதைச் செய்யக்கூடிய காவல் துறையும் வங்கியும் உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்காது. ஆகவே மீட்புக் கட்டணம் என்று யார் கேட்டாலும், அவர் சைபர் நிபுணர் என்றாலும், அதிகாரிகளைத் தெரிந்தவர் என்றாலும், அது இரண்டாவது மோசடி என்றே கொள்ளுங்கள். ஏமாந்தவர்கள் முகநூலில் தங்கள் கதையை எழுதினால், அதன் கீழேயே 'எனக்கு இவர் பணத்தை மீட்டுத் தந்தார்' என்று ஒரு வாட்ஸ்அப் எண்ணைப் போடுகிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இன்னொரு திருட்டுக் கூட்டம். சிலர் மீட்பு விண்ணப்பம் என்று, கைபேசியில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பை அனுப்புவார்கள், சிலர் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வார்கள், சிலர் பணம் திரும்ப வர க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண் போடச் சொல்வார்கள். பணம் பெற யாரும் பின் எண்ணைப் போடத் தேவையே இல்லை. ஜிபே நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூகுளில் தேடி அழைக்கவும் வேண்டாம், ஏனென்றால் தேடலில் மேலே வரும் எண்ணே போலியாக இருப்பதுண்டு. செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதியையே பயன்படுத்துங்கள். புகார் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதன் பெயரிலும் போலிகள் உலவுகின்றன.

இந்த ஆண்டு பட்டாசு வாங்க வேண்டுமென்றால், உங்கள் ஊரில் உரிமம் பெற்ற கடையிலேயே கையில் பார்த்து வாங்குங்கள். 80 சதவீதத் தள்ளுபடி என்பது பெரும்பாலும் ஏற்றி எழுதிய விலையிலிருந்து கழித்த கணக்கே. யாருக்குப் பணம் அனுப்பினாலும், பின் எண் இடுவதற்கு முன் திரையில் தோன்றும் பெயரைப் படியுங்கள். கடைக்குச் சம்பந்தமில்லாத தனியாள் பெயர் வந்தால் அது கமிஷனுக்காக வாடகைக்கு விடப்பட்ட கணக்காக இருக்கலாம், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சீட்டில் சேர்ந்த மற்ற ஆறு பேரும் தனித்தனியாகப் புகார் கொடுக்க வேண்டியதில்லை. பணம் உங்கள் கணக்கிலிருந்து போயிருப்பதால் உங்கள் பெயரில் ஒரே புகார் போதும். 18,400 ரூபாயையும் 2,300 ரூபாயையும் அதிலேயே குறிப்பிட்டு, விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், லாரி ரசீதின் படம், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள். அந்த உரையாடலை இப்போதைக்கு அழித்துவிட வேண்டாம்.