காலிப் பலகையும் சிறப்பு விருந்தினரும்

வணக்கம்.

திருச்சியில் மென்பொருள், டிசைன் வேலைகளில் இருக்கும் சிலர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஒரு நாள் பார்கேம்ப், அதாவது வருபவர்களே அன்றைக்குத் தலைப்பு சொல்லிப் பேசும் கூட்டம், நடத்தலாம் என்று பேச்சு. ஒரு கல்லூரி தன் 400 இருக்கை ஆடிட்டோரியத்தை இலவசமாகத் தருகிறது. ஒரு சிறப்பு விருந்தினர் இருக்க வேண்டும் என்பது மட்டும் அவர்கள் நிபந்தனை. 100 பேர் வந்து உட்கார்ந்து, பேச ஒருவரும் முன்வராவிட்டால் மானம் போய்விடுமே என்று நண்பர்கள் பயப்படுகிறார்கள். அதனால் காலையில் அழைப்புப் பேச்சாளர்கள் நான்கு பேர், மதியத்துக்கு மேல் காலிப் பலகை (யார் வேண்டுமானாலும் தன் தலைப்பைக் குத்தும் காலி நிகழ்ச்சி நிரல்) என்று யோசிக்கிறோம். முதல் பார்கேம்பே ஒரு வாரத்தில் ஏற்பாடானது என்று படித்தேன். நமக்கும் அது போதுமா? ஸ்பான்சரிடம் என்ன கேட்பது? சான்றிதழ் கொடுக்கலாமா?

— ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் திட்டத்தை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். காலையிலேயே பலகை திறந்திருக்கட்டும், மதியக் கட்டங்கள் மட்டும் சாப்பாடு முடியும்வரை மூடியிருக்கட்டும்.

காலையில் நான்கு பேர் மேடையேறிப் பேசிவிட்டால், கீழே இருக்கும் அத்தனை பேரும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். மூன்று மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்து கேட்டவரிடம், சாப்பாடும் முடிந்த பிறகு போய் "இப்போது நீங்கள் பேசுங்கள்" என்றால் அவர் செல்போனைத்தான் எடுப்பார். நண்பர்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அது அப்போதுதான் நடக்கும்.

ஒரு வாரக் கதை உண்மைதான். ஓ'ரெய்லி என்ற தொழில்நுட்பப் புத்தக நிறுவனம் 2003 முதல் நடத்திவந்த ஃபூ கேம்ப் என்ற கூட்டத்துக்கு அழைப்பு இருந்தால்தான் போக முடியும். யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று 2005 ஆகஸ்ட் 19 முதல் 21 வரை அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோவில், சோஷியல்டெக்ஸ்ட் நிறுவனத்தின் அலுவலகத்தில் நடந்ததுதான் முதல் பார்கேம்ப். நிரல் எழுதுபவர்கள் மாதிரிக்கு வைக்கும் ஃபூ, பார் என்ற பெயர்களை வைத்து அடித்த கிண்டல் அந்தப் பெயர். ஏற்பாட்டுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனால் அவர்கள் கையில் அலுவலகம் இருந்தது, வரவேண்டியவர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். அடுத்த வருடமே சென்னையில் பார்கேம்ப் நடந்தது. வலைப்பதிவர்களுக்கான பிளாக்கேம்ப்பும் அதே 2006-ல் டைடல் பார்க்கில் நடந்தது. உங்களுக்குக் கல்லூரி அனுமதி, சாப்பாடு, ஊர் ஊராகச் சேதி சொல்வது எல்லாம் இருக்கின்றன. ஐந்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். நாள் இருந்தால் கமிட்டி வளரும், கமிட்டி வளர்ந்தால் பொன்னாடை வரும்.

ஆடிட்டோரியத்தை மறுத்துவிடுங்கள். உங்களுக்குத் தேவை 30 பேர் உட்காரும் நான்கு அறைகளும், 100 பேர் நிற்க ஒரு வராந்தாவோ கேன்டீனோதான். அறைகளைப் பார்க்கப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தரையோடு பூட்டிய பெஞ்சுகளா, தனி நாற்காலிகளா? இந்த வகைக் கூட்டத்துக்கு இருக்கும் ஒரே சட்டம், பிடிக்காத அமர்விலிருந்து யாரும் எழுந்து போகலாம் என்பது. வந்தவர்களே நிகழ்ச்சி நிரலை அமைக்கும் ஓப்பன் ஸ்பேஸ் முறையை 1985-ல் தொடங்கிய ஹாரிசன் ஓவன் இதை 'இரண்டு கால் சட்டம்' என்பார். நீள பெஞ்சில் நடுவில் மாட்டியவர் எழ வேண்டுமென்றால் நான்கு பேர் எழுந்து வழிவிட வேண்டும். நம் ஊர் மரியாதைக்கு அவர் அசையவே மாட்டார், சட்டம் காகிதத்தோடு போய்விடும். பிளாஸ்டிக் நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுங்கள். கதவு பேசுபவரின் முதுகுப் பக்கம் வராமல் கேட்பவர்களின் முதுகுப் பக்கம் வர வேண்டும்.

இனி பலகை. 10.30, 11.20, 12.10 என்று காலையில் மூன்று அமர்வுகள். 2.00, 2.50, 3.40 என்று மதியம் மூன்று. ஒவ்வொன்றும் 40 நிமிடம், நடுவே 10 நிமிட இடைவெளி. நான்கு அறைக்கு மொத்தம் 24 கட்டங்கள். கடையில் கிடைக்கும் 56 x 71 செ.மீ. சார்ட் பேப்பர் நான்கைப் படுக்கைவாட்டில் இரண்டுக்கு இரண்டாக ஒட்டினால் 142 செ.மீ. அகலம், 112 செ.மீ. உயரம் வரும். நேரம் எழுத 20 செ.மீ. விட்டால் அறைக்கு 30 செ.மீ. அகலம் கிடைக்கும். மேலே அறைப் பெயர் எழுத இடம் விட்டால் ஒவ்வொரு வரிசையும் 17 செ.மீ. உயரம். ஏ4 தாளைப் பாதியாக வெட்டிய அட்டை இதில் தாராளமாக அடங்கும்.

மஞ்சள் ஒட்டுத்தாள் வேண்டாம். மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அதில் எழுதியது தெரியாது. அதோடு மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தால் பதினொரு மணிக்குள் பாதி தரையில் கிடக்கும். சுண்ணாம்புச் சுவரென்றால் பசையில் பொடி ஒட்டிக்கொண்டு இன்னும் சீக்கிரம் விழும். சார்ட்டை தெர்மோகோல் பலகை மேல் வைத்து, அட்டைகளைக் குண்டூசியால் குத்துங்கள். தலைப்பு மாறும், அறை மாறும், இரண்டு அமர்வுகள் ஒன்றாகும். பிடுங்கிக் குத்த வசதியாக இருக்க வேண்டும். எழுத பால்பாயின்ட் வைக்காதீர்கள், தடித்த மார்க்கர் மட்டும்.

அட்டையில் நான்கு விஷயங்கள்: தலைப்பு, பெயர், தமிழா ஆங்கிலமா, என்ன வகை. வகை என்பது முக்கியம். பேச்சு, கலந்துரையாடல், செய்துகாட்டல் என்பவற்றோடு "எனக்கு இது தெரிய வேண்டும்" என்று ஒன்றும் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பேசத் தயங்குபவர்கள்கூட கேள்வி கேட்க முன்வருவார்கள். தமிழ் எழுத்துரு ஆண்ட்ராய்டில் ஏன் உடைகிறது என்று ஒருவர் அட்டை குத்தினால், விடை தெரிந்த மூன்று பேர் தானாக அந்த அறைக்கு வருவார்கள். டிசைனர்களுக்கு விமர்சன அமர்வு நன்றாக அமையும். செய்துகொண்டிருக்கும் திரைகளை ஏ3 தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். 40 நிமிடத்துக்கு மூன்று பேர் போதும். முதல் ஐந்து நிமிடம் செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் விளக்கம் சொல்வதிலேயே நேரம் போய்விடும்.

9.45-க்கு எல்லாரையும் பலகை முன் நிற்க வையுங்கள். உட்கார வைக்காதீர்கள். ஒவ்வொருவரும் பெயரும் தன்னைப் பற்றி மூன்று சொல்லும் மட்டும் சொல்லட்டும். ஆளுக்குப் பத்து வினாடி என்றால் 100 பேருக்குப் பதினேழு நிமிடம். பிறகு விதிகளை மூன்று நிமிடத்தில் சொல்லி, மைக்கைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்து வரும் அமைதிதான் உங்கள் நண்பர்களுக்குப் பயம். அது ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும், கடிகாரத்தில் பார்த்தால் சின்னது, நிற்பவருக்கு நீளம். அதை நிரப்ப நீங்கள் பேசத் தொடங்கினால் கூட்டம் மறுபடி பார்வையாளராகிவிடும். முந்தைய வாரமே எட்டுப் பத்துப் பேரைப் போனில் கூப்பிட்டு, எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் போய்க் குத்த வேண்டாம். யாரும் நகராவிட்டால் இருவர் போகட்டும். பொதுவாக மூன்றாவது ஆள் நீங்கள் ஏற்பாடு செய்யாத ஆளாக இருப்பார். அதன்பின் வரிசை நிற்கும், மிச்ச அட்டைகள் தேவைப்படாமலே போகலாம்.

மதியக் கட்டங்களை ஒரு தாளால் மூடி வைத்து, சாப்பாடு முடிந்து 1.45-க்குத் திறங்கள். காலையில் கிளம்பிய வாக்குவாதங்கள் அப்போது அட்டையாக வரும். அன்றைய நல்ல அமர்வுகள் பெரும்பாலும் இவைதான். வாக்கெடுப்பு வேண்டாம், அது கமிட்டியைப் பின்வாசல் வழியாக உள்ளே விடும். எந்த அமர்வுக்குப் பெரிய அறை என்று முடிவுசெய்ய மட்டும் கை தூக்கச் சொல்லுங்கள்.

நேரம் காக்க ஒருவர் கண்டிப்பானவராக இருக்கட்டும். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தால் நான்கு அறைக்கும் கேட்கும். கல்லூரி புரொஜெக்டரில் விஜிஏ துளை மட்டும் இருக்கலாம், புது லேப்டாப்பில் யூஎஸ்பி-சி மட்டும் இருக்கலாம். அறைக்கு ஒரு மாற்றி, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வைஃபையை நம்ப வேண்டாம். 100 பேர் ஒரே ரவுட்டரில் ஏறினால் படுத்துவிடும். செய்துகாட்டுபவர்கள் ஸ்க்ரீன்ஷாட் கையில் வைத்திருக்கட்டும்.

இலவசப் பதிவு என்றால் பாதிப் பேர் வராமல் போகலாம் என்று எண்ணி 180 பேரைப் பதியுங்கள், சாப்பாடு 100 சொல்லுங்கள். கூடினால் ஒரு மணி நேரத்துக்கு முன் கேட்டாலும் தயிர்சாதம் கிடைக்கும். பரிமாறுவது ஒரே மேசையில் என்றால் வரிசையிலேயே முக்கால் மணி நேரம் போகும், இரண்டு மேசை போடுங்கள். 100 மில்லி கோப்பைக்குத் தேநீர் ஒரு சுற்றுக்கு 10 லிட்டர். முகூர்த்த நாளைத் தவிருங்கள். சமையல்காரரும் கிடைக்க மாட்டார், பஸ்ஸும் கிடைக்காது. ஐந்து மணிக்குள் முடித்தால்தான் வெளியூர்ப் பெண்கள் கடைசி வரை இருப்பார்கள்.

ஸ்பான்சரிடம் பணமாக வாங்காதீர்கள். ஒருவர் சாப்பாட்டுக்காரருக்கு நேரே கொடுக்கட்டும், இன்னொருவர் தேநீருக்கு. உங்களுக்கு வங்கிக் கணக்கும் வேண்டாம், கணக்குச் சண்டையும் வேண்டாம். பதிலுக்கு வராந்தாவில் ஒரு பேனர். மேடை நேரம் கேட்டால், எல்லாரையும் போல ஒரு அட்டை எழுதச் சொல்லுங்கள். வெறும் விற்பனைப் பேச்சாக இருந்தால் இரண்டு கால் சட்டம் பார்த்துக்கொள்ளும்.

சிறப்பு விருந்தினர் விஷயத்தில் மட்டும் வளைந்துகொடுங்கள். கல்லூரி முதல்வரே முதல் அட்டையைக் குத்தித் தொடங்கி வைக்கட்டும். போட்டோ நன்றாக வரும், இரண்டு நிமிடத்தில் முடியும். வளையக் கூடாத இடம் வேறு: ஓ.டி. (ஆன் டியூட்டி வருகைப் பதிவு) கொடுத்து ஒரு வகுப்பையே கொண்டுவந்து உட்கார வைக்கக் கூடாது. மாணவர்கள் தாங்களாகப் பதிந்து வர வேண்டும். அனுப்பப்பட்டு வந்த 60 பேர் நான்கு அறையையும் வகுப்பறை ஆக்கிவிடுவார்கள்.

சான்றிதழ் வேண்டாம். கொடுத்தால், 4.30-க்கு வந்து கையெழுத்து கேட்பவர்கள்தான் வருவார்கள். யாராவது நினைவாக எதையேனும் கேட்டால், பலகையை ஒரு முறை போட்டோ எடுத்துவிட்டு, அவரவர் அட்டையை அவரவரிடமே கொடுத்தனுப்புங்கள். குண்டூசியை மறக்காமல் எடுத்துவிடவும்.